பக்கவாதத்துக்குப் பிறகு ஞாபகமும் யோசனையும்: மூளை ஸ்கேன் பற்றி சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஒரு ஸ்கேன் மையத்தில் 18 வருடமாக சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, டெக்னீஷியன். ஆனாலும் படம் எடுத்து முடித்துக் கதவைத் திறந்ததும் குடும்பத்தார் முதலில் கேட்பது என்னிடம்தான். ஓமலூர், வாழப்பாடி, ஆத்தூர், எடப்பாடி, மலைமேல் நாகலூர் என்று எங்கிருந்து வந்தாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். இத்தனை வருடம் கேட்டதையும், அவற்றுக்காகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். மருந்து மாத்திரை பற்றி உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

கை கால் நன்றாக வந்துவிட்டது. ஆனால் ஆள் பழைய ஆளாக இல்லை. இது வாதத்தாலா, வயதாலா?

இந்தப் பக்கத்தை நான் எழுத இந்தக் கேள்விதான் காரணம். என் பெரியப்பா ஏற்காட்டில் காப்பித் தோட்ட மேஸ்திரியாக இருந்தவர். சனிக்கிழமை கூலிக் கணக்கை, எத்தனை ஆளாக இருந்தாலும், பேப்பர் இல்லாமல் மனதிலேயே போட்டு முடிப்பார். ஒருநாள் வாதம் வந்து வலது கை விழுந்தது. மூன்று மாதத்தில் கை திரும்பிவிட்டது. எல்லோரும் சேர்ந்து சேர்வராயன் கோயிலுக்குப் போய் வேண்டுதலை முடித்துவிட்டு வந்தோம். அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. ஆறு பேர் கூலியைக் கூட்ட வரவில்லை. சட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, எதற்கு எடுத்தோம் என்று நின்றுவிடுவார். பேரப்பிள்ளைகள் மேல் அப்படி ஒரு கோபம். "வயசாயிடுச்சுல்ல" என்றுதான் எல்லோரும் சொன்னோம். இந்த வேலையிலேயே இருந்துகொண்டு நானும் அதைத்தான் சொன்னேன். அவர் போய்வந்த மருத்துவமனையில் ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கச் சொன்னார்கள், நடக்கச் சொன்னார்கள். ஞாபகத்தை ஒரு தடவைகூடச் சோதிக்கவில்லை. ஒன்றரை வருடம் அப்படியே போய்விட்டது.

2009இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த இருவர் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். பத்துப் பேரில் ஒருவருக்கு, முதல் வாதம் வரும் முன்பே மறதிநோய் இருந்திருக்கிறது. முதல் வாதத்துக்குப் பிறகு பத்தில் இன்னொருவருக்குப் புதிதாக வருகிறது. வாதம் மறுபடியும் தாக்கினால் மூன்றில் ஒருவருக்கு மேல். இது முற்றிய மறதிநோயின் கணக்கு மட்டும். மற்றவர் துணையில்லாமல் அன்றாடத்தை நடத்திக்கொண்டே கணக்கிலும் கவனத்திலும் தடுமாறுகிறவர்களைச் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் பல மடங்கு.

ஆகவே "வயசு" என்று விட்டுவிடாதீர்கள். வாதம் வந்த நாளிலிருந்து மூன்று மாதம், ஆறு மாதம் கழித்துப் போகும்போது, "ஞாபகத்துக்கும் யோசனைக்கும் ஒரு டெஸ்ட் எடுங்க சார்" என்று நீங்களே கேளுங்கள். கேட்டால் எடுப்பார்கள்.

எங்கள் அம்மாவுக்கு ஞாபகம் நன்றாகவே இருக்கிறது. அப்படியானால் பயமில்லைதானே?

அவசரப்பட்டு அப்படி நினைக்க வேண்டாம். வயதானவர்களுக்கு வரும் அல்சைமர் நோயில் முதலில் போவது பெரும்பாலும் ஞாபகம். ரத்த ஓட்டக் குறைவால் வரும் பாதிப்பில் பல பேருக்கு ஞாபகம் ஓரளவு நிற்கும். வேகமும் திட்டமிடலும்தான் முதலில் சரியும். நாற்பது வருடத்துக்கு முந்தைய கல்யாணத்தை ஆள் ஆளாகச் சொல்வார்கள், ஆனால் சாம்பாரும் பொரியலும் ஒரே நேரத்தில் வைக்க முடியாது. ஒரு கேள்வி கேட்டால் பதில் வரக் கொஞ்ச நேரம் ஆகும். டி.வி. ஓடிக்கொண்டிருந்தால் பேச்சைப் பிடிக்க முடியாது.

இன்னொன்று, வீட்டில் சட்டென்று பிடிபடாதது. மூளையின் வலது பாதியில் ரத்தக்குழாய் அடைப்பு வந்த சிலருக்கு இடப்பக்க உலகமே இல்லாமல் போய்விடும். கண் நன்றாகத்தான் இருக்கும், கவனம்தான் அந்தப் பக்கம் போகாது. வாழை இலையில் வலப்பக்கம் இருப்பதை மட்டும் சாப்பிடுவார். இடப்பக்கம் வைத்த உப்பு, ஊறுகாய், இனிப்பு அப்படியே இருக்கும். "இனிப்பு வைக்கலையே" என்று கோபித்துக்கொள்வார். நாமும், சர்க்கரை நோய்க்காரர், வேண்டாமென்று ஒதுக்குகிறார் என்று எண்ணிக்கொள்வோம். இடப்பக்கம் இருப்பது வலப்பக்கம் வரும்படி இலையைச் சுழற்றி வையுங்கள். உடனே சாப்பிட ஆரம்பித்தால், அதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

வாதத்துக்குப் பின் மூன்றில் ஒருவருக்கு மன அழுத்தமும் வருகிறது. அதுவே மறதி போலத் தோன்றும். அதற்கு மருந்து உண்டு என்பதால், பிரித்துப் பார்ப்பது முக்கியம்.

ஸ்கேனில் ஞாபகம் தெரியுமா?

தெரியாது. ஸ்கேன் காட்டுவது காயத்தை. அந்தக் காயத்தால் ஆளுக்கு என்ன போயிற்று என்பதைப் பேசிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சுண்டைக்காய் அளவு காயம் ஒருவரை முழுக்க முடக்கிவிடும். உள்ளங்கை அளவு காயத்தோடு இன்னொருவர் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பார். இரண்டையும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இடம்தான் காரணம் என்று டாக்டர்கள் ரொம்ப காலமாகச் சொல்லிவந்தார்கள். எந்த இடம் என்பதை 2021இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து தேடினார்கள். பன்னிரண்டு தொகுப்புகளிலிருந்து, அடைப்பால் வாதம் வந்த 2,950 பேரின் படங்களையும் அவர்களுடைய யோசனைச் சோதனை மதிப்பெண்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்ததில், இடது நெற்றிப்புற, பொட்டுப்புற மடல்கள் (மடல் என்பது மூளையின் பெரிய பகுதி), இடது தலாமஸ், வலது உச்சிப்புற மடல் ஆகியவை முன்னால் வந்தன. இந்த இடங்களில் காயம் இருந்தவர்களுக்கே பாதிப்பு அதிகம். தலாமஸ் என்பது மூளையின் நடுவில் ஒரு சந்திப்பு நிலையம் மாதிரி. அங்கே சின்னதாகப் பட்டாலும் பல ஊர் வண்டிகள் நின்றுபோகும்.

இதற்கு ஐந்து வருடம் முன்னால், அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸில் 132 பேரை வைத்து நடந்த ஆய்வு எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. கை கால் பலவீனத்தை, காயம் எங்கே இருக்கிறது என்பதை வைத்தே நன்றாகக் கணிக்க முடிந்தது. ஞாபகத்தை அப்படிக் கணிக்க முடியவில்லை. மூளையின் பகுதிகள் ஒன்றோடு ஒன்று எவ்வளவு ஒத்திசைந்து வேலை செய்கின்றன என்பதைப் பார்த்தபோதுதான் கணிப்பு மேம்பட்டது. எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவு. மழையில் ஒரு வளைவில் மண் சரிந்தால் பாதிப்பு அந்த வளைவோடு நிற்காது. மேலே பால் வராது, கீழே காப்பிக்கொட்டை இறங்காது. குப்பனூர் வழியாகச் சுற்றி வண்டிகள் ஓட ஆரம்பித்தால் பாதி வேலை நடக்கும். சரிந்த மண்ணை மட்டும் படம் பிடித்தால், குப்பனூர் வழி திறந்திருக்கிறதா என்று தெரியாது. ஆய்வாளர்கள் இப்போது அந்தச் சுற்றுவழியைத்தான் தேடுகிறார்கள்.

அதைப் பார்க்க உதவுவது செயல்நிலை எம்.ஆர்.ஐ. மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே ஆக்சிஜன் ஏறிய ரத்தம் கூடும், அதனால் காந்த சிக்னல் லேசாக மாறும். ஜப்பானியரான செய்ஜி ஒகாவா 1990இல் இதைக் கண்டறிந்தார். ஆராய்ச்சிக்கு இது பெரிய வரம். ஆனால் வாதம் வந்த ஒவ்வொருவருக்கும் எழுதித் தரும் ஸ்கேன் இது இல்லை. "அதையும் எடுத்துடுங்க" என்று பணத்தை நீட்டுகிறவர்களை நானே தடுத்திருக்கிறேன்.

ரிப்போர்ட்டில் என்னென்னவோ எழுதியிருக்கிறது. எதற்குப் பயப்பட வேண்டும்?

அடிக்கடி வரும் சொற்களை மட்டும் சொல்கிறேன்.

இன்ஃபார்க்ட் என்றால் ரத்தம் கிடைக்காமல் செத்துப்போன இடம். அக்யூட் என்று முன்னால் இருந்தால் புதியது, க்ரானிக் என்றால் பழையது. கிளியோசிஸ் என்பது பழைய காயத்தின் தழும்பு. லாகூன் என்பது 3 முதல் 15 மில்லிமீட்டர் வரை உள்ள சின்னக் குழி. மெல்லிய ரத்தக்குழாய் ஒன்று அடைத்துப்போனதன் அடையாளம். "எங்க அப்பாவுக்கு வாதமே வந்ததில்லையே, எப்படி மூன்று லாகூன்?" என்று கேட்பார்கள். கை கால் விழாமலேயே, சத்தம் போடாமல் வரும் வாதமும் உண்டு. யோசனையை அரிப்பதில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

அப்புறம் "ஸ்மால் வெசல் இஸ்கீமிக் சேஞ்சஸ்". எம்.ஆர்.ஐ.யில் மூளையின் உட்பகுதியில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். மூளைப் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகள் ஓடும் இடம் அது. வருடக்கணக்கில் பி.பி. ஏறி இருந்தவர்களுக்கு இது அதிகம். பக்கத்தில் ஃபசேகாஸ் 1, 2, 3 என்று எண் போட்டிருப்பார்கள். ஆஸ்திரிய நரம்பியல் மருத்துவர் ஃபசேகாஸ் 1987இல் வகுத்த அளவுகோல் அது. வயதானவர்களில் 1 சாதாரணம். 3 என்றால் வெள்ளைத் திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து படர்ந்துவிட்டன என்று பொருள். அந்த எண்ணைக் காட்டி, யோசனைச் சோதனை வேண்டுமா என்று கட்டாயம் கேளுங்கள்.

மைக்ரோபிளீட் என்றால் பொட்டுப் பொட்டாக ரத்தம் கசிந்த பழைய தடம். இது இருந்தால், ரத்தத்தை இளக்கும் மாத்திரை கொடுக்கும் முன் டாக்டர் யோசிப்பார். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

அட்ரோஃபி, மூளைச் சுருக்கம். 75 வயதுக்காரர் ரிப்போர்ட்டில் "ஏஜ் ரிலேட்டட்" என்று சேர்த்து எழுதியிருந்தால் அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் சி.டி. எடுத்தார்கள், நார்மல் என்றார்கள். அடுத்த நாள் எம்.ஆர்.ஐ.யில் வாதம் என்கிறார்கள். யார் தப்பு?

பெரும்பாலும் யார் தப்பும் இல்லை. முதல் சில மணி நேரத்தில் அடைப்பு சி.டி.யில் சரியாகத் தெரியாமல் போகலாம். ரத்தக்கசிவு இருந்தால் மட்டும் உடனே வெள்ளையாகத் தெரியும். கசிவு இல்லை என்று உறுதியானால்தான் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியும், அதற்காகத்தான் சி.டி. முதலில். எம்.ஆர்.ஐ.யில் டிஃப்யூஷன் என்ற ஒரு முறை உண்டு. நீர் மூலக்கூறுகளின் அசைவு தடைபடுவதை வைத்து, அடைப்பு வந்த சில நிமிடங்களிலேயே அந்த இடம் பளிச்சென்று தெரியும். ஆகவே "சி.டி. நார்மல்" என்பதற்கு "வாதம் இல்லை" என்று அர்த்தம் கிடையாது. வாய் கோணி, பேச்சு குழறினால், ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

மலையில் இருக்கிறோம். திடீரென்று வந்தால் என்ன செய்வது?

108. அதற்கு முன் வேறு எதுவும் இல்லை. பெரிய ரத்தக்குழாய் அடைத்தால் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான கெடு, ஆரம்பித்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரம். அதில் போனில் ஆள் தேடுவது, வண்டி வருவது, வளைவுகளில் இறங்குவது, ஊருக்குள் நெரிசல் எல்லாம் அடக்கம். புறா ரத்தம் தடவுவதாக இரண்டு மணி நேரத்தை இழந்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அன்பால் செய்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் போன நேரத்தைத் திருப்பித் தர யாராலும் முடியாது. ஆஸ்பிரின் மாத்திரையும் கொடுக்காதீர்கள். உள்ளே இருப்பது கசிவா அடைப்பா என்று ஸ்கேனுக்கு முன் தெரியாது. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள்.

காலையில் எழும்போதே கை விழுந்திருந்தால்? எப்போது ஆரம்பித்தது என்று தெரியாததால், முன்பு ஊசி இல்லை என்று சொல்லிவிடுவார்கள். 2018இல் வந்த ஆய்வு ஒன்று, எம்.ஆர்.ஐ.யின் இரண்டு வகைப் படங்களை ஒப்பிட்டு, அடைப்பு புதியதுதான் என்று தெரிந்தால் ஊசி பலன் தருகிறது என்று காட்டியது. பெரிய குழாய் அடைப்பாக இருந்தால், தகுந்தவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூடக் கம்பிக்குழாய் விட்டு ரத்தக்கட்டியை எடுக்கிறார்கள். அதனால் "நேரம் போயிடுச்சு, அப்புறம் எதுக்கு" என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

எம்.ஆர்.ஐ.க்குத் தாலியைக் கழற்ற வேண்டுமா?

ஆமாம். கழற்றத்தான் வேண்டும். தங்கத்தையும் வெள்ளியையும் காந்தம் இழுக்காது என்பது உண்மைதான். ஆனால் சூடேறலாம், படத்தைக் கெடுக்கும், உள்ளே வேறு உலோகம் கலந்திருந்தால் இழுக்கவும் செய்யும். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கோத்து வந்தால், அதை அணிந்துகொண்டு தாலியைக் கழற்றிவிடலாம். நிறைய அம்மாக்கள் அப்படித்தான் செய்கிறார்கள். கொலுசு, மெட்டி, வெள்ளி அரைஞாண், தாயத்து எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிட்டு வாருங்கள். மெட்டி இறுகியிருந்தால் முதல் நாளே சோப்பு போட்டுக் கழற்றுங்கள். ஜரிகைச் சேலை வேண்டாம், நூல் சேலை போதும். இதயத்தில் பேஸ்மேக்கர், தலையில் கிளிப், கண்ணுக்குள் இரும்புத்தூள் போன வெல்டிங் வேலைக்காரர், இதையெல்லாம் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கஞ்சமலையில் கிடைக்கும் காந்த இரும்புக்கல்லைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தக் காந்தத்தை மனதில் வைத்து இதைக் கணக்குப் போடாதீர்கள். 1.5 டெஸ்லா (காந்தத்தின் வலிமையை அளக்கும் அலகு) எந்திரத்தின் காந்தம் பூமியின் காந்தப்புலத்தைவிடச் சுமார் 30,000 மடங்கு.

உள்ளே சத்தம் அதிகம். இருபது நிமிடத்திலிருந்து முக்கால் மணி நேரம் ஆகலாம். கதிர்வீச்சு கிடையாது. சி.டி.யில் உண்டு, ஆனால் தலை சி.டி. ஒன்றில் கிடைப்பது, இயற்கையாகவே ஒரு வருடத்தில் நம்மேல் படும் அளவை ஒட்டியது. அவசரத்தில் அதற்காக யோசிக்க வேண்டாம்.

பள்ளிக்கூடம் போகாத அப்பாவிடம் கடிகாரம் வரையச் சொன்னார்கள். வரையத் தெரியவில்லை. அதற்காக மறதிநோய் என்பார்களா?

உங்கள் கவலை நியாயமானது. மோக்கா என்ற 30 மதிப்பெண் சோதனை 2005இல் கனடாவில் வெளிவந்தது. கடிகாரத்தில் 11 மணி 10 நிமிடம் வரைவது, ஐந்து சொற்களை நினைவு வைத்துச் சொல்வது, 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது என்று போகும். தமிழிலும் இருக்கிறது. பென்சிலே பிடிக்காதவருக்கு அது பொருந்தாது. படிக்காதவர்களுக்கென்று அதன் எளிய வடிவம் தனியாக உண்டு, அதைக் கேளுங்கள். படிப்பு எதுவரை, என்ன தொழில், முன்பு என்னென்ன தானாகச் செய்தார் என்பதை டாக்டரிடம் விவரமாகச் சொல்லுங்கள். ஜவ்வரிசி ஆலையில் மூட்டைக் கணக்குப் பார்த்தவர் இன்று பத்து ரூபாய்க்குச் சில்லறை எண்ணத் தடுமாறினால், அந்த ஒரு வரி கடிகாரப் படத்தைவிட அதிகம் சொல்லும்.

வீட்டில் சௌராஷ்டிரமும் வெளியில் தமிழும் பேசுகிறோம். வாதத்துக்குப் பிறகு இரண்டு மொழியும் பேசினால் குழப்பமாகுமா?

சேலத்தில் இந்தக் கேள்வி நிறையவே வரும். தறிக்காரர் வீடுகளில் சௌராஷ்டிரம், வேறு பல வீடுகளில் தெலுங்கு, கன்னடம். பயப்படாமல் பேசுங்கள். ஐதராபாத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் வாதம் வந்த 608 பேரைப் பார்த்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களில் 40.5 சதவீதம் பேருக்கு யோசனைத் திறன் கெடாமல் இருந்தது. ஒரே மொழி பேசியவர்களில் 19.6 சதவீதம்தான். பேச்சிழப்பு மட்டும் இரு தரப்பிலும் ஒரே மாதிரி. வாழ்நாள் முழுக்க மொழி மாற்றி மொழி பேசுவது மூளைக்குச் சுற்றுவழிகளை அமைத்துத் தருகிறது என்பது அவர்களுடைய விளக்கம். படித்தபோது எனக்கு நம் தறி வீதிகள்தான் கண்ணில் வந்தன. இப்படிப்பட்ட ஆய்வுக்கு நம் ஊர்களைவிட நல்ல இடம் எது? சோதனையை அவருக்கு எந்த மொழி நன்றாக வருமோ அதில் செய்யச் சொல்லுங்கள்.

ஆராய்ச்சிக்குச் சம்மதமா என்று கேட்டுப் படிவம் நீட்டினார்கள். கையெழுத்துப் போடலாமா?

படித்துப் பார்த்துவிட்டு, முடிந்தால் போடுங்கள் என்பேன். உங்களைக் கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. வேண்டாம் என்றாலும் சிகிச்சை குறையக்கூடாது, நடுவில் விலகலாம், நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்க வேண்டும். இந்த மூன்றையும் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நோயாளியால் புரிந்துகொள்ள முடியாத நிலை என்றால், குடும்பத்தில் பொறுப்பானவர் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

படத்தைப் பொதுவில் பகிரும் முன் பெயரை எடுத்துவிடுவார்கள். முகம் அடையாளம் தெரியாதபடி அந்தப் பகுதியையும் அழித்துவிடுவது வழக்கம். அட்லஸ் என்ற திறந்த தொகுப்பில் வாதம் வந்த 955 பேரின் எம்.ஆர்.ஐ. இப்படித்தான் இருக்கிறது. காயத்தைத் தானாகக் கோடு போட்டுக் காட்டும் மென்பொருள்களுக்கு அதுதான் பாடப்புத்தகம். நம் ஊர்க்காரர்கள் அதிகம் இல்லாத பாடப்புத்தகத்தில் படித்த மென்பொருள், நம் ஊர் மூளையை எவ்வளவு சரியாகப் படிக்கும்? ஐதராபாத் ட்ரிபிள் ஐ.டி. என்ற தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தினர் 100 இந்தியர்களின் படங்களை வைத்து ஓர் இந்திய மூளை வரைபடத்தை 2019இல் வெளியிட்டார்கள். சராசரியாக நம் மூளை, வெளிநாட்டு வரைபடங்களில் இருப்பதைவிடக் கொஞ்சம் சிறியது. வித்தியாசம் அளவில்தான், திறமையில் இல்லை. ஆனால் "சுருங்கிவிட்டது" என்று சொல்ல எதோடு ஒப்பிடுகிறோம் என்பது இங்கே முக்கியமாகிறது. பெங்களூரு மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்துக் கிராமத்தார்களை 45 வயதிலிருந்தே பல வருடம் பின்தொடர்ந்து, எம்.ஆர்.ஐ.யும் எடுத்து வருகிறது. நம் மலைக் கிராமங்களுக்கும் ஒருநாள் அப்படி ஓர் ஆய்வு வர வேண்டும் என்பது என் ஆசை.

இன்னும் மோசமாகாமல் தடுக்க வழி உண்டா?

பி.பி. அதுதான் முதலும் இரண்டாவதும். அமெரிக்காவில் ஸ்பிரிண்ட் என்ற ஆய்வில், மேல் அளவை 120க்குக் கீழே வைக்க முயன்றவர்களுக்கு லேசான யோசனைக் குறைபாடு 19 சதவீதம் குறைவாக வந்தது. நாலு வருடத்தில் மூளையின் வெள்ளைத் திட்டு அவர்களுக்கு 0.92 கன சென்டிமீட்டர் கூடியது. வழக்கமான அளவில் வைத்தவர்களுக்கு 1.45. அதில் வாதம் வந்தவர்களையும் சர்க்கரை நோயாளிகளையும் சேர்க்கவில்லை. உங்கள் அளவு என்ன என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் மாத்திரையை விடாமல் சாப்பிடுவது நம் கையில் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது, அதை வாங்கி வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். சர்க்கரை, புகையிலை, உப்பு, நடை எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

வருடா வருடம் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

தேவையில்லை. புதிதாக ஏதாவது நடந்தால், திடீரென்று மாற்றம் தெரிந்தால் எடுப்பார்கள். அந்தப் பணத்தில் பேச்சுப் பயிற்சிக்கும் பிசியோவுக்கும் போங்கள். ஸ்கேனுக்கு வரும்போது மட்டும் பழைய படத்தை மறக்காமல் கொண்டு வாருங்கள். ஃபிலிமோ, கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கும் தட்டோ, எதுவானாலும் சரி. புதியதையும் பழையதையும் பக்கத்தில் வைத்தால்தான், அந்த வெள்ளைத் திட்டு இந்த வருடம் வந்ததா, முன்பே இருந்ததா என்று சொல்ல முடியும். பெரியப்பாவின் முதல் எம்.ஆர்.ஐ. ஃபிலிம் தோட்டத்து வீட்டில் காப்பி மூட்டைகளுக்கு அடியில் கிடந்தது. அதை எடுத்துவந்து புதியதோடு ஒப்பிட்ட பிறகுதான், இடது தலாமஸில் இருந்த அந்தச் சின்னக் குழியை எல்லோரும் கவனித்தோம்.